மூடின மாதத்து டிக்கெட்

தீவுக்கு எப்போது போகலாம் என்று யார் வந்து கேட்டாலும் காலண்டர் அக்கா உடனே தேதி சொல்லிவிட மாட்டாள். எதிரில் உள்ள நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வாள், மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பாள், பிறகு நிதானமாகக் கேட்பாள்.

"அங்க போயி என்ன பாக்கணும்னு ஆசை உங்களுக்கு?"

பாதிப் பேர் இந்தக் கேள்விக்குத் திருதிருவென்று முழிப்பார்கள். கடல்தான், வேறென்ன என்பார்கள். அவர்களை அவள் லேசில் விடமாட்டாள். "வெறும் கடல்னா பஸ் ஏறித் துறைமுகத்துல போயி நின்னு பாத்துட்டு வந்துடுங்களேன், எதுக்கு எங்களுக்கு வேலை வைக்கிறீங்க?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அதில் கொஞ்சம் காரமும் இருக்கும். தீவு என்பது வருஷம் முழுக்க ஒரே மாதிரிக் கிடக்கிற சாமான் இல்லை என்பது அவள் கட்சி. சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஆமைக்குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு வெளியே வரும் வாரத்தில் போக வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் என்றால் பழச் சந்தை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு. முழங்கால் வலிக்காரர்களை முரசு ஊர்வலத்துக்கு அனுப்பவே கூடாது, அது மேட்டுத் தெரு வழியாக ஏறும். இப்படி ஆளைப் பார்த்து மாதம் சொல்வாள். பஸ் கம்பெனிக்காரர்கள், படகு டிக்கெட் கவுண்டரில் இருப்பவர்கள், தீவின் விடுதிக்காரர்கள் எல்லாருக்கும் அதனால் அவள் காலண்டர் அக்கா. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

சுற்றுலா அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டின் முன் அறைதான் அலுவலகம். நடுவில் ஒரு பச்சைத் திரை, அதற்குப் பின்னால் சமையலறை. கண்ணாடி போட்ட பெரிய மேசை அவள் புருஷனுடையது. அவரை ஊரே முதலாளி என்று கூப்பிடும். சுவரோரத்துச் சின்ன மேசை அவளுடையது. அதற்கு மேலே, வருஷா வருஷம் அவள் கையாலேயே வரைந்து ஒட்டுகிற பெரிய அட்டை. சந்தைகளுக்குப் பச்சை, ஊர்வலங்களுக்கு மஞ்சள், படகுப் போட்டிகளுக்கு நீலம். மழை கொட்டித் தீர்க்கிற ஒரு மாதத்தை மட்டும் முழுக்கக் கறுப்பாகத் தீட்டிவிடுவாள். அது மூடின மாசம். அப்போது தீவில் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவார்கள். கடைகளுக்குப் பலகை அடித்துவிடுவார்கள். பெரிய ஓட்டல்கள் ஒன்றிரண்டு மட்டும் பெயருக்குத் திறந்திருக்கும், அவ்வளவுதான். "அந்த மாசம் போனீங்கன்னா தெருவுல நீங்களும் நாயும்தான் நிப்பீங்க" என்று சொல்லி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். வாசல் பலகையிலும் முதலாளி கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'நேரம் பார்த்துப் போனால்தான் தீவு!' அந்த வாசகம் தன் மூளையில் உதித்தது என்று அவருக்கு ஒரே பெருமை.

இவ்வளவிலும் அவளுக்கு உயிர் என்றால் அது விளக்கு விழாதான். பலத்த காற்றுக் காலம் முடிந்து, மீன்பிடிப் படகுகள் முதல் முறையாக ஆழக் கடலுக்குப் போய்த் திரும்பும் சாயங்காலம் அது. ஒவ்வொரு படகும் முனையில் ஒரு விளக்கோடு வரும். கரையில் இருப்பவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று அவரவர் வீட்டுப் படகின் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிடுவார்கள். விளக்கை எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அந்தக் கூப்பாட்டைத்தான் கேட்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் அடித்துச் சொல்வாள். அவள் சொல்லும்போது கேட்பவர்களுக்கே கால் நனைந்தது போல இருக்கும். அதற்கு நிச்சயித்த தேதியும் கிடையாது. காற்று திரும்பினால்தான் உண்டு. காற்று எப்போது திரும்பும் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த அலுவலகத்தின் பிழைப்பே.

"நீங்க எத்தனை தடவ பாத்திருக்கீங்கக்கா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அவள் சட்டென்று படகு நேரம், மாத்திரை, குடை என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு தடவைகூட இல்லை. விளக்கு விழா என்ன, தீவின் மண்ணில் அவள் காலே பட்டதில்லை. கடை திறந்த புதுசில், "முதல் விழாவுக்கு நாம ரெண்டு பேரும் போறோம்" என்று அவர்தான் சொன்னார். அந்த வருஷம் கூட்டம் அலைமோதியது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் மகள் வயிற்றில். அதற்கடுத்து மகளுக்குக் காய்ச்சல், பிறகு பரீட்சை, பிறகு கல்யாணம். மகள் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகு சாக்கு ஒன்றும் மிச்சமில்லை. அப்போது அவர் உண்மையைச் சொன்னார். "சீசன்ல நீ இல்லாம கடை ஓடுமாடி?"

வெளியில் இருந்து பார்த்தால் அது புகழ்ச்சி. அவளும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கெட்டிக்காரி என்பதற்காகவே ஒருத்தியைக் கட்டிப்போடலாம் என்பது விளங்க அவளுக்குப் பல சீசன்கள் ஆயின.

விழாக் கூட்டத்தை அழைத்துப் போகிறவன் கொழுந்தன், அதாவது முதலாளியின் தம்பி. நல்ல சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு கொடி. தீவில் இறங்கிய நிமிஷத்திலிருந்து அவனுக்கு அண்ணி வேண்டும்.

"அண்ணி, சந்து ரெண்டாப் பிரியுது. எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் போ. நீலக் கதவு போட்ட வலைக் கிடங்கு வரும். அதைத் தாண்டி எல்லாரையும் நிறுத்து. கல்லுப் படியில யாரையும் இறக்கிடாத, பாசி வழுக்கும்."

காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வழி சொல்வாள். அந்தப் பக்கம் மெல்ல மெல்ல இரைச்சல் கூடும். தூரத்தில் யாரோ ஒரு படகின் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதை அழுத்திக்கொள்வாள். "சரி அண்ணி, வந்தாச்சு" என்று அவன் டக்கென்று வைத்துவிடுவான். வருஷா வருஷம் இதே கதை. திரும்பி வந்ததும் சோபாவில் சாய்ந்துகொண்டு, "என்ன அண்ணி பெரிய விழா, அதே விளக்கு, அதே கூச்சல், கொசுக்கடி வேற" என்பான். அப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டில் போட்ட சோற்றைத் திரும்ப எடுத்துவிடலாமா என்றுகூட இருக்கும்.

தீவில் அவளுக்கு இருந்த ஒரே மனுஷி விடுதிக்காரம்மா. கரையோரம் ஏழெட்டு அறைகள் உள்ள பழைய விடுதி. புருஷன் போன பிறகு அந்தம்மாள் தனியாகவே நடத்தினாள். முதல் வருஷம் காலண்டர் அக்கா போன் போட்டு விழாத் தேதி என்ன என்று கேட்டபோது, "காத்து என்ன எங்க வீட்டு வேலைக்காரனா, தேதி சொல்லிட்டு வர்றதுக்கு?" என்று எரிந்து விழுந்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். அன்றிலிருந்து காற்றுக் காலம் பிறந்தால் தினமும் காலையில் இருவரும் பேசிக்கொள்வார்கள். காற்று பத்து நிமிஷம், மற்றதெல்லாம் ஒரு மணி நேரம். மகளுடைய கல்யாணச் சண்டை முழுக்க அந்தம்மாளுக்குத் தெரியும். அந்தம்மாளின் மருமகன் குடிப்பது இவளுக்குத் தெரியும். முகம் மட்டும் இருவருக்கும் தெரியாது.

விழா நாளில் விடுதிக்காரம்மா ஒரு காரியம் செய்வாள். தண்ணீரைப் பார்த்த கடைசி அறையை யாருக்கும் கொடுக்கமாட்டாள். எத்தனை பேர் கெஞ்சினாலும் பூட்டியே வைத்திருப்பாள். கடைசிப் படகு வந்து, அதில் காலண்டர் அக்கா இல்லை என்று தெரிந்த பிறகுதான் சாவியை வேறு யாரிடமாவது நீட்டுவாள். இதைக் கொழுந்தன்தான் ஒரு தடவை உளறினான். "அந்தக் கிழவிக்குக் கிறுக்கு அண்ணி, உங்க பேரைச் சொல்லி ரூமைப் பூட்டி வச்சிருக்கு." அன்றைக்கு அவள் திரைக்குப் பின்னால் போய் அடுப்பைத் துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் காற்றுக் காலம் தொடங்கியதும் விடுதிக்காரம்மா சொன்னாள், "காலண்டரு, எனக்கு மூட்டு ரெண்டும் போச்சு. விடுதியக் குடுத்துடப் போறேன். மழைக்கு முன்னாடி பெரிய மக வீட்டோட போயிடுவேன். வர்றதுன்னா இந்த விழாவுக்கு வா. அடுத்த வருஷம் பூட்டி வைக்க ரூமு இருக்காது."

இதை அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷனிடம் சொன்னாள். ஒளிவு மறைவு இல்லாமல், இந்த விழாவுக்குப் போகவேண்டும் என்றே சொன்னாள். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவர் குரலில் ஏதோ ஒரு குறும்பு இருந்தது. மனுஷன் மனசுக்குள் எதையோ வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், நம்பினாள்.

அவர்களுடைய கல்யாண வெள்ளி விழாவும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. முன் அறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, பழைய வாடிக்கையாளர்கள், பஸ் கம்பெனிக்காரர், அக்கம்பக்கம் என்று ஒரு கூட்டம். கேக் வெட்டிய கையோடு முதலாளி கையைத் தட்டி எல்லாரையும் அமைதியாக்கினார்.

"எல்லாரும் கேளுங்க! ஊருக்கெல்லாம் தீவு காட்டுறவன், பொண்டாட்டிக்குக் காட்டலன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாது!" என்று சொல்லி, ரிப்பன் சுற்றிய ஒரு கவரை அவளிடம் நீட்டினார். கை தட்டல் பறந்தது. கொழுந்தன் விசில் அடித்தான். இத்தனை நாளும் இந்த மனுஷனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ஒரு நொடி கண் கலங்கியே போனாள்.

பிரித்தாள். டிக்கெட்டில் தேதியைப் பார்த்தாள். நிமிர்ந்து சுவரில் உள்ள அட்டையைப் பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை, இருந்தாலும் பார்த்தாள். கறுப்புக் கட்டம். மூடின மாசம்.

ஓட்டல்காரர்கள் எல்லா வருஷமும் மூடின மாதத்தில் ஏஜெண்டுகளுக்கு அறைகளைச் சும்மா கொடுப்பார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனால் சீசனில் ஆள் அனுப்புவார்கள் என்று ஒரு கணக்கு. அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்து, "இந்த மாசத்துல எவன் போவான்" என்று குப்பைத் தொட்டியில் போடுவது அவளுடைய வேலை. இந்த வருஷம் கடிதம் வரவில்லையே என்று நினைத்திருந்தாள். வந்திருக்கிறது, அவர் கையில் போயிருக்கிறது.

"பிரிச்சதும் அண்ணிக்குப் பேச்சே வரல பாருங்க!" என்றான் கொழுந்தன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டினாள். கேக் துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்தாள். சபையில் வைத்து அவமானம் செய்துவிட்டு, அதற்குக் கைதட்டலும் வாங்கிக்கொண்டுவிட்டாரே என்று உள்ளுக்குள் கொதித்தாள்.

கூட்டம் கலைந்ததும் திரைக்குப் பின்னால் அவரைப் பிடித்தாள்.

"இது எந்த மாசம்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். கொஞ்சம் மழை இருக்கும். குடை எடுத்துக்கலாம்."

"கொஞ்சம் மழையா? போன மாசம் ஒருத்தர் இதே மாசம் கேட்டு வந்தப்ப, 'சார், அது பேய் மழை, காசு தண்டம்'னு இந்த வாயாலதானே சொன்னீங்க?"

"அவங்க கஸ்டமர். நாம வீட்டு மனுஷங்க. ஏன்டி இப்படி நுணுக்கி நுணுக்கிப் பாக்குற? கடல் கடல்தானே, எப்பப் போனாலும் அதே தண்ணிதான்."

இந்த ஒரு வாக்கியத்தை எந்த வாடிக்கையாளர் சொல்லியிருந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்துப் பாடம் எடுத்திருப்பார். வாசல் பலகையில் எழுதியிருப்பதன் நேர் எதிர்ச் சொல். இவ்வளவு வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், பொண்டாட்டி என்று வந்ததும் எவ்வளவு சுலபமாக அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார்!

"அப்ப ஊர்க்காரங்களுக்கு நேரம் காலம் எல்லாம் பாக்கணும். எனக்கு மட்டும் எவனும் சீண்டாத மாசம். ஓட்டல்காரன் சும்மா குடுக்குற ரூமு. நான் என்ன, ஆஃப் சீசன் பொண்டாட்டியா?"

"சத்தம் போடாதே, வெளிய ஆள் இருக்கு."

"இருக்கட்டும். நான் விளக்கு விழாவுக்குப் போகணும்னு உங்ககிட்ட வாயத் திறந்து சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. அதான் தீவுக்கு டிக்கெட் எடுத்தேன். சீசன்ல நீ போயிட்டா இங்க போன் எடுக்குறது யாரு? தம்பி அங்க நின்னுட்டு வழி கேட்டா சொல்றது யாரு? கொஞ்சம் யோசிச்சுப் பேசு." இப்படிச் சொல்லிவிட்டு, தான் ரொம்ப நியாயமாகப் பேசிவிட்டதாக நினைத்து அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அவர் கேட்டதற்கு 'ம்' என்றாள், அதற்கு மேல் ஒரு எழுத்து செலவழிக்கவில்லை. காபி டம்ளரை மேசையில் வைக்கிற சத்தத்தில் கண்ணாடி விரிசல் விடுமோ என்று அவருக்கே பயம் வந்தது. "மாசம் பாத்துக் கோபப்படுறாங்கடா உங்க அண்ணி" என்று தம்பியிடம் ஜோக் அடித்தார். தம்பி சிரித்தான். திரைக்குப் பின்னால் இருந்த அவளுக்கு அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

அவளைக் குடைந்தது டிக்கெட் மட்டும் இல்லை. அவர் வேண்டுமென்று செய்திருந்தால்கூட ஒரு மாதிரி ஆறுதல் இருந்திருக்கும். அவருக்கு அதில் தப்பு இருப்பதே தெரியவில்லை. எதிரில் உட்கார்ந்தவர்களையெல்லாம் என்ன பார்க்க ஆசை என்று கேட்கிறாளே, அந்தக் கேள்வியை இந்த வீட்டில் யாரும் அவளைப் பார்த்துக் கேட்டதில்லை. அவளே வலியச் சொன்னபோதும் யார் காதிலும் ஏறவில்லை. இதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஏறியது. பாத்திரம் துலக்கும்போது ஏறியது. படுக்கையில் அவர் குறட்டை விடும்போது இன்னும் ஏறியது.

ஒரு காலை விடுதிக்காரம்மாவின் போன் வந்தது. வழக்கமான நலம் விசாரிப்பு இல்லை.

"காலண்டரு, காத்து திரும்பிடுச்சு. விடியக்காலம் நானே கரையில நின்னு பாத்தேன். பௌர்ணமிக்கு முன்னாடி வச்சிடுவாங்க. இப்பச் சொல்லு, கடைசி ரூமுக்கு யாரு பேரு எழுதட்டும்?"

"என் பேரு எழுதுங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

"ஆமா, உன் பேரு என்னடி? காலண்டர்னா எழுத முடியும்?" என்று கேட்டாள் விடுதிக்காரம்மா. இவள் தன் பெயரைச் சொன்னாள். ரொம்ப நாள் கழித்து உடுத்திய புடவை மாதிரி அது அவளுக்கே புதுசாக இருந்தது.

அன்று முதல் அவள் கத்தவில்லை. அவரிடம் அனுமதி கேட்கவும் இல்லை. கேட்டால் 'பாக்கலாம்' வரும் என்று தெரியும். அவர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்: நாலு பேர் பார்க்க, கைதட்டலோடு.

கிளம்புவதற்கு முன் விழாக் கூட்டத்தை முன் அறையில் உட்கார வைத்து விவரம் சொல்வது அலுவலக வழக்கம். அன்று சாயங்காலம் எல்லாரும் வந்திருந்தார்கள். முன் வரிசையில், ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவர் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி நாலு வார்த்தை பேசிவிட்டு, "மத்ததெல்லாம் தம்பி சொல்லுவான், அவன்தான் உங்களைக் கூட்டிட்டுப் போறான்" என்று கை காட்டினார்.

"எனக்கு முழங்கால் சரியில்ல தம்பி. நான் எங்க நின்னா நல்லாத் தெரியும்?" என்று கேட்டார் டீச்சரம்மா.

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். "எங்க நின்னாலும் தெரியும்மா. விளக்குதானே."

"படகு வர்றதுக்கு எவ்வளவு முன்னாடி போயி நிக்கணும்?"

"அது... அங்க போயிப் பாத்துக்கலாம்மா. அண்ணி போன்லயே இருப்பாங்க."

"போன்ல இருந்துக்கிட்டு எனக்கு எப்படிக் கை குடுப்பாங்க?" டீச்சரம்மா குரல் உயர்ந்தது. பின் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. முதலாளி அவசரமாகச் சிரித்து, "அதெல்லாம் நாங்க..." என்று ஆரம்பித்தார்.

காலண்டர் அக்கா தன் சின்ன மேசையிலிருந்து எழுந்தாள்.

"நீங்க கல்லுப் படிக்கு வலது பக்கம் உக்காரலாம்மா, அங்க வலை காயப்போடுற திண்டு ஒண்ணு இருக்கு. இறங்கவே வேண்டாம், தண்ணி உங்க முன்னாலயே இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே போயிடணும். கை குடுக்குறதுக்கு நான் இருக்கேன். இந்தத் தடவ நான்தான் உங்களோட வர்றேன்."

டீச்சரம்மா முதலில் கை தட்டினார். பின்னாலேயே எல்லாரும் தட்டினார்கள். "காலண்டர் அக்காவே வர்றாங்களா, அப்பக் கவலையில்ல" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். முதலாளிக்கு முகம் செத்துப்போனது. வாடிக்கையாளர்கள் முன்னால் என்ன சொல்வார்? அவரும் கை தட்டினார். அவர் தட்டுவதை அவள் கடைசி வரை நின்று பார்த்தாள்.

கூட்டம் படி இறங்கியதும் அவர் வெடித்தார். "என்ன நினைச்சுட்டிருக்க உன் மனசுல? என்னைக் கேட்டியா? அத்தனை பேர் முன்னாடி என்னை முட்டாளாக்கிட்ட!"

"வெள்ளி விழா அன்னிக்கு நீங்க என்னைக் கேட்டீங்களா?"

"அது பரிசுடி!"

"இதுவும் பரிசுதான். நானே எனக்குக் குடுத்துக்கிட்டது."

"சீசன்ல இங்க யாரு பாத்துக்குறது?"

"வாசல்ல யாரு பேரு போட்டிருக்கு? முதலாளி நீங்கதானே. பாத்துக்கோங்க." அவர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று வேகமாக உள்ளே போய்ப் பெட்டியை இறக்கினாள். கொழுந்தன் மட்டும், "அப்பாடா, கொசுக்கடி இல்ல" என்றான். அண்ணன் அவனை அடிக்காத குறையாக முறைத்தார்.

கூட்டத்துக்காக அவள் அச்சடித்துக் கொடுக்கும் காகிதத்தில் எப்போதும் ஒரு வரி இருக்கும்: காலைப் பலகாரம் முடித்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் தீவு. எத்தனை முறை அதைத் தட்டச்சு செய்திருப்பாள்! அன்று படகு துறைமுகத்தை விட்டு நகர்ந்து, ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இல்லாமல் தென்னை மரங்கள் தெரிய ஆரம்பித்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீச்சரம்மா, "அதுக்குள்ள வந்துடுச்சா?" என்றார்.

அவளுக்கும் அதேதான் தோன்றியது. இவ்வளவுதானா? இவ்வளவு பக்கத்திலேயா இருந்தது? காலையில் வடித்த சோறு ஆறுவதற்குள் வந்துவிடுகிற தூரம். இதற்கா ஒரு ஆயுசில் பாதி? சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது கோபம்தான். அவர் மேல் வந்தது. அவரை விட, ஒவ்வொரு வருஷமும் 'பாக்கலாம்' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு பேசாமல் சோறு பரிமாறிய தன் மேல் வந்தது.

படகுத்துறையில் ஒரு சின்ன உருவம் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றது. போனில் அந்த அதட்டலைக் கேட்டுக் கேட்டு, ஆஜானுபாகுவான ஒரு மனுஷியைத்தான் அவள் கற்பனை செய்திருந்தாள். விடுதிக்காரம்மா அவள் தோளுக்குக்கூட வரவில்லை. ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நேரமாடி வர்றதுக்கு?" என்றாள். படகைச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். சாவியை அவள் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

கடைசி அறை சின்னதுதான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கடலைப் பார்த்த ஒரு சன்னல். காலண்டர் அக்கா கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வேலையைப் பார்த்தாள். சந்தில் இடது பக்கம் திரும்பினாள். நீலக் கதவு இருந்தது, வெயிலில் வெளுத்திருந்தது. டீச்சரம்மாவைத் திண்டில் உட்கார வைத்தாள். பாசிப் படியில் யாரையும் இறங்க விடவில்லை. யாருக்கும் போன் போட்டு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது முதல் விளக்கு தெரிந்தது. பின்னால் இன்னொன்று. ஜனங்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். பக்கத்தில் ஒரு பெண் கையைக் குவித்து, நரம்பு புடைக்க ஒரு படகின் பெயரைக் கத்தினாள். அடுத்து ஒருவர், அடுத்து பத்துப் பேர். கரை முழுக்கப் பெயர்கள் எழும்பின. போனில் பாதியில் அறுந்து போகும் அதே கூப்பாடு. இப்போது யாரும் அதைத் துண்டிக்க முடியாது.

அப்போது பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது. முதலாளி.

"ஏய், இங்க ஒருத்தர் வந்து உக்காந்திருக்காரு. குடும்பத்தோட தீவுக்குப் போகணுமாம். எந்த மாசம் சொல்லட்டும்? உன் அட்டையில கலர் கலரா என்னென்னவோ கிடக்கு, ஒண்ணும் புரியல."

"என்ன பாக்க ஆசைன்னு அவரைக் கேட்டீங்களா?"

"அதை ஏன் கேக்கணும்? மாசத்தைச் சொல்லு."

"கேளுங்க. முதல்ல அதைக் கேக்கப் பழகுங்க."

அவர் ஏதோ முனகினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும். நீதான் போயிப் பாத்துட்டியே, அந்த டிக்கெட் என்ன ஆகுறது? ஓட்டல்காரன்கிட்ட ரெண்டு பேருன்னு சொல்லி வச்சிருக்கேன். வீணாப் போகுமே" என்றார்.

"எதுக்கு வீணாப் போகுது? நீங்களும் உங்க தம்பியும் போயிட்டு வாங்க."

"அந்த மழையிலயா? எல்லாத்தையும் பூட்டிப் போட்டிருப்பானே! அங்க போயி என்னடி பாக்குறது?"

"கடல் கடல்தானேங்க" என்றாள். "எப்பப் போனாலும் அதே தண்ணிதான்."

அவர் பதில் சொல்வதற்குள் போனை அணைத்து, டீச்சரம்மாவின் மடியில் கைப்பையோடு வைத்தாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கூப்பிடுகிற ஜனங்களோடு சேர்ந்து தண்ணீரில் இறங்கினாள்.